வெற்றியையும் தோல்வியையும் ஒரே கண்ணால் பார்க்கப் பழகும் வழி

ஒரு முயற்சி தோற்றுவிட்டால், எங்கே தவறினோம் என்று இரவெல்லாம் யோசிக்கிறோம். அதே முயற்சி வென்றுவிட்டால், ஏன் வென்றோம் என்று ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்து யோசிப்பதில்லை. தோல்விக்கு விசாரணை, வெற்றிக்குப் பாராட்டு விழா என்று நாமே பிரித்துவைத்திருக்கும் இந்த ஏற்பாடுதான், தோற்றபோது அளவுக்கு மீறிச் சோர்ந்துபோவதற்கும் வென்றபோது அளவுக்கு மீறித் துள்ளுவதற்கும் பெரும்பாலும் காரணமாகிறது. இரண்டையும் சமமாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அறிவுரையை எல்லோரும் கேட்டிருக்கிறோம்; அதை எப்படிச் செய்வது என்று சொல்பவர்கள் குறைவு. மனத்தை அடக்கி அந்தச் சமநிலையை வரவழைத்துவிடலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. விளைவு வருவதற்கு முன்பும் வந்த பின்பும் செய்ய வேண்டிய சில சிறிய வேலைகள் இருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து செய்துவந்தால் மனம் மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வந்து சேர்கிறது. அதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

தீர்மானம் வேறு, விளைவு வேறு

நாம் எடுக்கும் தீர்மானம் நம் கையில் இருக்கிறது. அதன் விளைவு முழுவதும் நம் கையில் இல்லை. மற்றவர்களின் விருப்பங்களும், நமக்கு எட்டாத தகவல்களும், வெறும் தற்செயலும் அதில் பங்கு போடுகின்றன. எனவே நன்றாக யோசித்து எடுத்த தீர்மானம் தோற்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்த தீர்மானம் வெல்லலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர் பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டார் என்பதற்காக அவர் எடுத்த தீர்மானம் நல்லதாகிவிடாது.

கேட்கும்போது எளிதாகப் புரியும் இந்த வேறுபாடு நடைமுறையில் நழுவிப்போகிறது. 1988-இல் ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்ற மருத்துவ முடிவு ஒன்றின் விவரத்தைப் படிக்கக் கொடுத்து, அந்த முடிவின் தரத்தை மதிப்பிடச் சொன்னார்கள். முடிவெடுத்தபோது தெரிந்திருந்த தகவல்கள் ஒன்றே. சிகிச்சை பலித்ததா, நோயாளி இறந்தாரா என்பது மட்டும் மாற்றித் தரப்பட்டது. பலித்ததாகப் படித்தபோது முடிவுக்குக் கூடுதல் மதிப்பெண்ணும், இறந்ததாகப் படித்தபோது குறைந்த மதிப்பெண்ணும் விழுந்தன. நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளும்போதும் இதே கோணல் புகுந்துவிடுகிறது.

ஆகவே எந்த விளைவு வந்தாலும், முதலில் தீர்மானம் நல்லதா கெட்டதா என்றும், பிறகு விளைவு நல்லதா கெட்டதா என்றும் தனித்தனியே கேளுங்கள். இரண்டும் நல்லவையாகவோ இரண்டும் கெட்டவையாகவோ இருந்தால் குழப்பம் இல்லை. நல்ல தீர்மானம் கெட்ட விளைவைத் தந்திருந்தால் வருந்தலாம், ஆனால் வழியை மாற்ற வேண்டியதில்லை. கெட்ட தீர்மானம் நல்ல விளைவைத் தந்திருந்தால் மகிழலாம், ஆனால் வழியை மாற்றியே ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் நேர் எதிராக நடந்துகொள்கிறார்கள்.

விளைவு தெரிவதற்கு முன்பே எழுதி வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடிக்கச் சொல்வேன். விளைவு தெரிந்த பிறகு, அதற்கு முன் நாம் என்ன நினைத்தோம் என்பதை நம்மால் சரியாக நினைவுகூர முடிவதில்லை. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் பயணம் மேற்கொள்ளவிருந்த சமயத்தில், அந்தப் பயணங்களில் இன்னின்னவை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று பல பேரிடம் கேட்டுப் பதிவுசெய்த பாருக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த் ஆகியோர், பயணங்கள் முடிந்த பின் அவர்கள் முன்பு சொன்ன எண்களை நினைவுபடுத்திச் சொல்லும்படி கேட்டார்கள். நடந்துவிட்ட நிகழ்ச்சிகளுக்குத் தாங்கள் உண்மையில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே பலரும் நினைவுகூர்ந்தார்கள். 1975-இல் வெளியான இந்த ஆய்வு காட்டுவது, ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் பொய் சொல்வதில்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைவிருக்கிறது என்பதை. தோற்றபின் ‘இது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்’ என்று நம்மை நாமே திட்டிக்கொள்வதற்கும், வென்றபின் ‘நான் கணித்தபடியே நடந்தது’ என்று மார்தட்டுவதற்கும் வேர் ஒன்றுதான்.

எனவே வேலை மாறுவது, தேர்வு எழுதுவது, தொழில் தொடங்குவது, பெரிய தொகையை ஓரிடத்தில் போடுவது போன்ற எந்த முக்கியமான காரியமானாலும், இறங்குவதற்கு முன் அரைப் பக்கம் எழுதுங்கள். என்ன செய்யப்போகிறேன், வேறு என்னென்ன வழிகள் இருந்தன, இதை ஏன் தேர்ந்தேன் என்பது முதலில் வர வேண்டும். அடுத்து, இது பலிக்க எத்தனை சதவீத வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறேன் என்ற எண்ணை எழுதுங்கள். ‘அநேகமாக’, ‘பார்க்கலாம்’ போன்ற சொற்களைப் பின்னால் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம் என்பதால் எண்ணே வேண்டும். இதில் என் கையில் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்பதைப் பிரித்து எழுதுங்கள். எது நடந்தால் இதை வெற்றி என்பேன், எது நடந்தால் தோல்வி என்பேன் என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். கடைசியாகத் தேதி.

ஒரு நேர்காணலுக்குப் போகிறவர் ‘தேர்வாக 40 சதவீத வாய்ப்பு, இந்தப் பதவிக்குக் கேட்கப்படும் அனுபவம் எனக்கு இரண்டு ஆண்டு குறைவு, ஆனாலும் கேள்விகள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது அடுத்த முயற்சிக்கு உதவும்’ என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்வாகவில்லை என்ற செய்தி வரும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால், பத்தில் ஆறு முறை இப்படித்தான் நடக்கும் என்று அவரே எழுதி வைத்திருப்பதும், போனதற்கான காரணங்களில் ஒன்று நிறைவேறியிருப்பதும் தெரியும். அதே இடத்தில் 95 சதவீதம் என்று எழுதியிருந்தால், ஆராய வேண்டியது அவருடைய திறமை மட்டும் அல்ல, அவருடைய கணிப்பும்தான். இப்படி முப்பது நாற்பது பதிவுகள் சேர்ந்த பின், 70 சதவீதம் என்று எழுதியவற்றில் பத்துக்கு ஏழு பலித்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். நான்குதான் பலித்திருக்கிறது என்றால் ஆசையைக் கணிப்பாக எழுதும் பழக்கம் இருக்கிறது. ஒன்பது பலித்திருக்கிறது என்றால் தேவைக்கு மேல் பயப்படும் பழக்கம் இருக்கிறது. இரண்டில் எது என்று தெரிந்துவிட்டாலே அடுத்த தோல்வியின் எடை பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

விளைவு வந்த முதல் சில நாட்கள்

இந்த நாட்களில் பெரிய முடிவு எதையும் எடுக்காதீர்கள். தோற்ற கையோடு வேலையை விடுவதும், உறவை முறிப்பதும், கோபத்தில் கடிதம் எழுதுவதும் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வென்ற கையோடு செய்யும் காரியங்களும் அதே அளவு ஆபத்தானவை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். மகிழ்ச்சியில் இருக்கும்போது கொடுத்த வாக்குறுதிகள், ஒப்புக்கொண்ட கூடுதல் பொறுப்புகள், வாங்கிய கடன்கள் ஆகியவற்றை ஆறு மாதம் கழித்துச் சுமப்பவர் வேறு மனநிலையில் இருக்கும் வேறு ஆள். ‘யோசித்து அடுத்த வாரம் சொல்கிறேன்’ என்ற ஒரு வாக்கியத்தை இரண்டு நிலைமைகளுக்கும் தயாராக வைத்திருங்கள்.

உணர்ச்சி இவ்வளவு தீவிரமாகவே நீடிக்கும் என்று தோன்றும், பெரும்பாலும் நீடிக்காது. டேனியல் கில்பர்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வுகளில் ஒன்று, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர்களுக்கு நிரந்தரப் பணி கிடைப்பதையும் மறுக்கப்படுவதையும் பற்றியது. கிடைத்தால் அடுத்த சில ஆண்டுகளுக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருப்போம், கிடைக்காவிட்டால் மிகவும் துன்பப்படுவோம் என்று முடிவுக்குக் காத்திருந்தவர்கள் கணித்தார்கள். அந்த முடிவைச் சந்தித்துச் சில ஆண்டுகள் கடந்திருந்தவர்களைக் கேட்டபோது, கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் இடையே மகிழ்ச்சியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இதை எல்லா இழப்புகளுக்கும் நீட்டக் கூடாது. நெருங்கியவரின் மறைவும், நீண்ட நோயும், குடும்பத்தையே அசைத்துவிடும் கடனும் வேறு வகையானவை. மேலும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, எதிலும் ஈடுபாடு ஆகியவை குலைந்தே இருந்தாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதுதான் சரி. அந்த எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் கூடாது.

வெற்றியை விசாரிப்பது

விளைவின் சூடு தணிந்த பிறகு விசாரணை தொடங்க வேண்டும். வெற்றியை முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதைத்தான் யாரும் விசாரிப்பதில்லை என்பது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதைந்து, அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகி, சூடான வாயுவைத் தடுக்க முடியாமல் போனதே காரணம் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. அந்த வளையங்கள் அரிக்கப்படுவது முந்தைய பயணங்களிலேயே தெரிந்திருந்தது. 1981-இலேயே அதற்கான தடயம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஓடம் பத்திரமாகத் திரும்பியதால், அந்த அரிப்பு ஏற்கத்தக்கது என்ற நம்பிக்கை வளர்ந்துகொண்டே போனது. புறப்படுவதற்கு முந்தைய இரவு, ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரைக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தும் பயணம் நிறுத்தப்படவில்லை. இங்கே தோல்வியை உண்டாக்கியது முந்தைய வெற்றிகளைப் படித்த விதம். மயிரிழையில் தப்பிய ஒன்றை ‘பாதுகாப்பானது என்று நிரூபணமானது’ எனக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

சாதாரண வாழ்க்கையிலும் இதே கணக்கு எழுதப்படுகிறது. கடைசி இரவில் படித்துத் தேறியவர் அதுவே தன் முறை என்று நம்பத் தொடங்குகிறார். ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளரை நம்பி ஓர் ஆண்டு லாபம் பார்த்தவர் தன் தொழில் உறுதியாக நிற்கிறது என்று நினைக்கிறார். ஆகவே ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எந்த இடத்தில் இது கைநழுவிப் போகவிருந்தது? அப்போது காப்பாற்றியது என் ஏற்பாடா, யாரோ ஒருவரின் உதவியா, தற்செயலா? இதே முறையில் இன்னும் பத்து முறை செய்தால் எத்தனை முறை வெல்வேன்? இதில் பங்காற்றிய யாருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை? கடைசிக் கேள்வி மரியாதைக்காக மட்டும் கேட்கப்படுவது அன்று. அந்தப் பெயர்ப் பட்டியல் நீளும்போது, நம் பங்கு எவ்வளவு என்ற சரியான அளவும் தெரிந்துவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு மகிழ்ச்சி குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். எதனால் வென்றோம் என்று தெரிந்தவரின் மகிழ்ச்சியில் அடுத்த முறை என்ன ஆகுமோ என்ற நடுக்கம் கலப்பதில்லை.

தோல்வியை விசாரிப்பது

தோல்வியைப் பற்றி நாம் அதிகம் யோசித்தாலும் நன்றாக யோசிப்பதில்லை. ‘நான் எதற்கும் லாயக்கில்லாதவன்’ என்ற வாக்கியம் விசாரணையின் முடிவு போல ஒலிக்கிறது. உண்மையில் அது விசாரணையைத் தொடங்கவிடாமல் கதவை அடைக்கும் வாக்கியம். அதிலிருந்து அடுத்து என்ன செய்வது என்பதற்கு ஒரு குறிப்பும் கிடைக்காது. நடந்ததை எல்லைக்குட்பட்ட வாக்கியமாக எழுதுங்கள்: எந்தத் தேதியில், எந்த வேலையில், எந்தக் கட்டத்தில், எது நடக்கவில்லை.

2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலம் நிலவில் மோதி நொறுங்கிய பின் நடந்த ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘தரையிறக்கத் தெரியவில்லை’ என்பதோடு அது நின்றிருந்தால் எதுவும் கிடைத்திருக்காது. எதிர்பார்த்ததைவிட இயந்திரங்களின் உந்துவிசை சற்று மிகுந்தது, அதனால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, அவற்றைச் சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருளின் வரம்பு தடுத்தது, இறங்குவதற்குக் குறித்த இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று சிறியதாக இருந்தது என்று காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. அடுத்த கலத்தில் கால்கள் வலுவாக்கப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது, இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிவாக்கப்பட்டது. எவையெல்லாம் சரியாக நடக்க வேண்டும் என்பதை வைத்து அல்லாமல், எவையெல்லாம் தவறினாலும் இறங்க முடிய வேண்டும் என்பதை வைத்து வடிவமைத்ததாக அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. நம் தோல்விகளுக்கும் இந்தக் கேள்வியையே கேட்கலாம்: அடுத்த முறை இதே இடத்தில் இதே தவறு நேர்ந்தாலும் காரியம் கெடாமலிருக்க எதை மாற்றி அமைக்க வேண்டும்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தீர்மானத்தையும் விளைவையும் பிரித்துப் பார்க்கச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தோல்விக்கும் ‘என் தீர்மானம் சரிதான், நேரம் சரியில்லை’ என்று எழுதிவிட முடியும். உங்கள் நோட்டில் வெற்றிகளுக்கு எல்லாம் திறமையும் தோல்விகளுக்கு எல்லாம் தற்செயலும் காரணமாக எழுதப்பட்டிருந்தால், அல்லது அதற்கு நேர்மாறாக இருந்தால், கணக்குப்பிள்ளை நேர்மையாக இல்லை என்று பொருள்.

ஒரே ஒரு முறையை வைத்துத் தீர்ப்பு வேண்டாம்

வழக்கத்துக்கு மாறாக மிகச் சிறப்பாக அமைந்த ஒன்றைத் தொடர்ந்து வருவது பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். மிக மோசமாக அமைந்ததைத் தொடர்ந்து வருவது சற்று மேலாக இருக்கும். உளவியலாளர் டேனியல் கானமன், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் உரையாற்றியபோது, பயிற்சி பெறும் விமானிகளைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் தேறுகிறார்கள் என்று ஒரு பயிற்சியாளர் வாதிட்டதைக் குறிப்பிட்டிருக்கிறார். பாராட்டும் திட்டும் காரணம் அல்ல. இரண்டு முனையிலிருந்தும் இயல்பான சராசரியை நோக்கித் திரும்புவதுதான் அங்கே நடந்தது. முதல் முயற்சியில் பெரிதாக வென்று இரண்டாவதில் சாதாரணமாக முடித்தவர் சரிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் கீழே பணிபுரிபவர்களுக்கும் மதிப்பெண் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்திருப்பது மிகவும் நல்லது.

யாரோடு ஒப்பிடுவது

ஒப்பிடாமல் இருக்க முடியாது. எதனோடு என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் காட்சிகளை ஆராய்ந்து 1995-இல் வெளியான ஆய்வில், வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியோடு காணப்பட்டார்கள். முன்னவர் கைநழுவிய தங்கத்தை நினைக்கிறார், பின்னவர் பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடியதை நினைக்கிறார் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். முகநூலில் பிறர் அறிவிக்கும் வெற்றிகளோடு உங்கள் தோல்வியை ஒப்பிடும்போது, அவர்களுடைய அறிவிக்கப்படாத பக்கங்கள் உங்களுக்குக் கிடைப்பதில்லை. நோட்டில் இருக்கும் உங்கள் பழைய பதிவுகளில் இரு பக்கமும் இருக்கின்றன. ஒப்பிடுவதற்கு அவை மேலான பொருள்.

எப்போது விட்டுவிடுவது

விடாமுயற்சியைப் புகழ்ந்து எழுதப்பட்ட அளவுக்கு, விலக வேண்டிய நேரத்தைப் பற்றி எழுதப்படவில்லை. போட்ட பணமும் கழிந்த ஆண்டுகளும் நம்மைப் பிடித்து வைக்கின்றன. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பருவத்தின் நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து வாங்கும் பருவச்சீட்டுக்கு முழு விலை கொடுத்தவர்கள், தற்செயலாகத் தள்ளுபடி விலையில் பெற்றவர்களைவிடப் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். நாடகங்கள் என்னவோ இருவருக்கும் ஒன்றுதான். இதற்கு மாற்று, தொடங்கும்போதே விலகும் எல்லையை எழுதி வைப்பது: இந்தத் தேதிக்குள், இவ்வளவு பணத்துக்குள், இந்த அறிகுறி தென்படாவிட்டால் நிறுத்திவிடுவேன். எல்லை வந்த பிறகு மனம் புதிய காரணங்களைக் கண்டுபிடிக்கும். அப்போது ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் இதுவரை இறங்கியே இருக்கவில்லை என்றால், இன்று தெரிந்தவற்றை வைத்து இன்று இறங்குவேனா? இல்லை என்பது பதிலானால், அன்று விலகுவதை நோட்டில் ‘நல்ல தீர்மானம்’ என்ற இடத்தில் எழுதலாம்.

நோட்டைப் படிக்க ஒருவர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பதிவுகளைப் படியுங்கள். அதைவிட அடிக்கடி படித்தால் அது தன்னைத்தானே நோண்டிக்கொள்ளும் பழக்கமாகிவிடும். முடிந்தால் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். விளைவைச் சொல்லாமல், தீர்மானத்தையும் காரணங்களையும் மட்டும் அவரிடம் படித்து, இது நல்ல தீர்மானமா என்று கேட்டுவிட்டுப் பிறகு விளைவைச் சொல்லுங்கள்; விளைவைக் கேட்டபின் அவர் தன் கருத்தை மாற்றிக்கொண்டால், ஏன் என்று இருவரும் பேசலாம். ஆறுதல் மட்டுமே சொல்கிறவரும், குறை மட்டுமே காண்கிறவரும் இந்த வேலைக்குப் பொருந்த மாட்டார்கள். தன் நோட்டையும் உங்களிடம் படித்துக் காட்ட முன்வருகிறவர் கிடைத்தால் அவரையே தேர்ந்துகொள்ளுங்கள்.